துணைக்கு ஒரு ஆள்

“இருக்கியா?” என்று உள்ளேயிருந்து பெரியக்கா கேட்பார்.

“இருக்கேன்க்கா” என்று நான் வெளியேயிருந்து சொல்ல வேண்டும்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவர்களுடையது. அந்த வீடுகளில் குளியலறை பின்பக்கம் தனியாக இருக்கும். பெரியக்கா குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும். சும்மா நின்றால் போதாது. குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது, சோப்புப் போடும்போது, துண்டைத் தேடும்போது என்று ஒரு குளியலுக்கு இருபது தடவையாவது அந்த “இருக்கியா?” வரும். பத்து வயதிலிருந்து நான்தான் அந்த ஆள். குளித்து வந்ததும் இரண்டு கிரீம் பிஸ்கட் தருவார்.

அவர்கள் அக்கா தங்கை இரண்டே பேர். தெரு முழுக்க அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றுதான் கூப்பிட்டது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வேலையில் இருக்கும்போதே இறந்தார். அதற்காகப் பெரியக்காவுக்கு அங்கேயே ஆபீசில் கிளார்க் வேலை கொடுத்தார்கள். சின்னக்கா பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். காலையில் அக்காவை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுத்தான் சின்னக்கா பள்ளிக்குப் போவார். சாயங்காலம் சங்கு ஊதும் முன்பே அதே வாசலில் சைக்கிளோடு நிற்பார். அவருக்கு வேலை இருந்தால் என் அம்மா போவார். அம்மாவுக்கு முடியாவிட்டால் நான்.

பெரியக்காவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட முடியாது. ஒருநாள் எங்கள் வீட்டு விறகு அடுக்கில் பாம்பு வந்தது. பெரியவர்கள் எல்லாரும் தெருவில் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா வந்து, பக்கத்து வீட்டு நாலு வயதுக் குழந்தையைக் கூப்பிட்டு, “நீ இந்தப் படியில நில்லு, எங்கயும் போயிடாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டையால் அடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழந்தை அவருக்கு என்ன உதவி செய்திருக்க முடியும்? ஆனால் அது அங்கே நின்றது. அவருக்கு அது போதும்.

ஏன் இப்படி என்று என் அம்மா ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார்.

“உள்ள தனியா இருந்தா சுவரெல்லாம் கிட்ட வர்ற மாதிரி இருக்குங்க” என்றார் பெரியக்கா.

“வெளிய இருந்தா?”

“வெளிய இருந்தா எல்லாம் என்ன விட்டுட்டுத் தூரமாப் போற மாதிரி இருக்கு.”



பெரியக்காவைப் பெண் பார்க்க ஒரு ரயில்வே கார்டு வந்தார். கேசரி, காபி எல்லாம் ஆன பிறகு, பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாப்பிள்ளை வீட்டில் மரியாதைக்குக் கேட்டார்கள். பெரியக்கா தலையை நிமிர்த்தி, “நீங்க டூட்டிக்குப் போயிட்டா நான் யாரோட இருப்பேன்?” என்றார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அந்தக் கார்டு உள்பட. பெரியக்கா சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். அந்தப் பதில் வரவேயில்லை.

எனக்குப் பதிமூன்று வயதாகும்போது பள்ளியில் கொடைக்கானல் கூட்டிப்போனார்கள். அந்த வாரம் பார்த்து சின்னக்காவுக்கு மதுரையில் ஏதோ பயிற்சி. “அடுத்த வருஷம் போய்க்கலாம்டி, பெரியக்கா தனியா இருக்கும்ல” என்று என் அம்மா பெயர் கொடுக்க விடவில்லை. அடுத்த வருடம் அந்தச் சுற்றுலாவே இல்லை. கொடைக்கானல் போய் வந்த என் வகுப்புப் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து காட்டிய அன்று, நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். “இருக்கியா?” என்று குரல் வந்தது. நான் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து, தெருவுக்கு வந்ததும் ஓடினேன்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சின்னக்கா வந்து கதவை இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. கையை நீட்டி எடுத்தால் திறந்துவிடும். பெரியக்காவால் அந்தக் கையை நீட்ட முடியவில்லை. ஈரத்துணியோடு மூலையில் குந்தியிருந்தார் என்றும், உதடு நீலமாகிவிட்டது என்றும் என் அம்மா சொன்னார். நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன். சின்னக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என்னை மட்டும் மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

“நானும் எத்தனையோ நாள் இப்படி ஓடிடலாம்னு நெனச்சிருக்கேன் பாப்பா” என்றார். “ஓடினா அவ அந்த மூலையிலேர்ந்து எழுந்திரிக்கவே மாட்டா. அதுக்காகத்தான் ஓடல. நீ இனிமே நிக்க வேணாம். நான் பாத்துக்கறேன்.”

நான் மறுநாளே மறுபடி போய் நின்றேன். அதைப் பாசம் என்று இன்றுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்தது வெறும் பயம், சின்னக்காவும் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று.

சின்னக்காவுக்கு நாகப்பட்டினம் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை வேலை வந்தது. கடற்கரையை ஒட்டிய பள்ளி, தங்க இடமும் உண்டு. கடிதம் வந்த வாரம் பெரியக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. நடிப்பெல்லாம் இல்லை, தெர்மாமீட்டரை நானே பார்த்தேன். நூற்றுமூன்று. சின்னக்கா கடிதத்தை நான்காக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. சின்னக்காவுக்கு வந்த வரன்களும் இப்படியே ஒவ்வொன்றாக நின்றுபோயின. பெரியக்கா ஒன்றையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்பட்டதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை இருவரும் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். இரண்டு தடவை என்னையும் கூட்டிப்போனார்கள். கோவிலுக்குப் போய்விட்டுக் கடற்கரைக்கு வந்ததும் சின்னக்கா தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்.

“இப்படியே கரையோரமா நடந்துகிட்டே இருந்தா எதுவரைக்கும் போலாம்க்கா?”

“எதுக்குப் போகணும்? வா, வெயில் ஏறுது” என்பார் பெரியக்கா.

காலம் போனது. எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டேன். பெரியக்கா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பொன்மலையிலேயே ஒரு வாடகை வீட்டில் இருவரும் குடியேறினார்கள். சைக்கிள் ஸ்கூட்டியாக மாறியதைத் தவிர வேறு ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் சின்னக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் ஐ.சி.யு.வுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஐ.சி.யு.வுக்குள் சாயங்காலம் அரை மணி நேரம் ஒருவரை விடுவார்கள். ஒருவரை மட்டும்.

பெரியக்கா வாசலில் செருப்பைக் கழற்றுவார். பச்சை அங்கியை மாட்டிக்கொள்வார். கதவு வரை போவார். உள்ளே நீளமான ஒரு நடை. அதன் கடைசியில் திரும்பினால் சின்னக்காவின் கட்டில். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “இந்தப் புள்ளையும் கூட வரட்டுமே சார்” என்று என்னைக் காட்டுவார். “ஒருத்தர்தாம்மா” என்பார் செக்யூரிட்டி. மறுபடி கெஞ்சுவார். அவர் என்ன செய்வார், பாவம். அரை மணி நேரம் அப்படியே முடிந்துவிடும். பெரியக்கா அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து கையைப் பிசைவார். இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் என்னைப் போகச் சொன்னார்.

நான் போனேன். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். “தூங்குறாங்கக்கா” என்றேன். அது பொய். அன்று ஆறு மணிக்குள் சின்னக்கா போய்விட்டார். பக்கத்தில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு பொன்மலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறைபோட்டுப் பெரியக்காவோடு இருந்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அவர் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். ஆட்டோக்காரரையும் மாடி வரை கூட்டி வந்திருந்தார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். பெரியக்கா சமையலறைக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார்.

“பாப்பா, நான் வேளாங்கண்ணிலேர்ந்து கரையோரமா நடக்கப்போறேன். கன்னியாகுமரி வரைக்கும். முடிஞ்ச வரைக்கும்.”

“யாரோடக்கா?”

“யாரோடயும் இல்ல.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய கண் என் மேல் இல்லை. கூடத்தில் ஆட்டோக்காரர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பயிற்சி காவிரிப் பாலத்தில் நடந்தது. பெரியக்கா ஆட்டோவில் வந்து சிந்தாமணிப் பக்கம் நிற்பார், நான் மாம்பழச்சாலைப் பக்கம். காலை ஆறு மணிக்கு அவர் நடக்க ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரம் நான் பாலத்தின் முனையில் கையைத் தூக்கியபடி நிற்பேன். அடுத்த வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றார். அதற்கடுத்த வாரம் டீக்கடைக்குள் போய் உட்காரச் சொன்னார். முதல் நாள் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். பாலத்தின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டிருந்தார். வாக்கிங் போன ஒரு பெரியவர் அவரிடம் ஏதோ கேட்டார். அவரோடு சேர்ந்து மீதிப் பாலத்தைக் கடந்துவிட்டார்.

“இது கணக்குல சேராது” என்று அவரே சொன்னார். “நாளைக்கு மறுபடி.”

நான்கு மாதம். கடைசியில் நான் வீட்டில் இருக்க, அவர் தனியாகப் பாலத்தைக் கடந்து வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். ரவிக்கை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. பேச முடியவில்லை. ஆனால் வந்துவிட்டார்.

போகும்முன் பொன்மலையில் தெரிந்தவர்கள் எல்லாரும் தடுத்தார்கள். இந்த வயதில் தனியாக ஒரு பெண் கடற்கரையில் நடப்பதாவது என்றார்கள். என் கணவரும் என்னைத்தான் கோபித்தார். “அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” 

தை மாதத்தில் ஒருநாள் இருவரும் வேளாங்கண்ணி போய் லாட்ஜில் தங்கினோம். மறுநாள் விடியும்போது கடற்கரைக்கு வந்தோம். பெரியக்கா தோளில் துணிப்பை, அதில் இரண்டு புடவை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பட்டன் போன்.

“நான் போன் பண்ணுவேன் பாப்பா” என்றார். “எவ்ளோ சொன்னாலும் என்னால பண்ணாம இருக்க முடியாது. நீ எடுக்காத.”

“என்னக்கா சொல்றீங்க?”

“எடுத்தா நீ கூட வர்ற மாதிரி. அப்புறம் நான் எதுக்கு இங்க வரணும்? எத்தனை தடவை பண்ணாலும் எடுக்காத. மாதா மேல சத்தியம் பண்ணு.”

கோபுரங்களைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். அவர் திரும்பி நடந்தார். படகுகளுக்கு நடுவில் குடை போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை நின்றார். திரும்பவில்லை. மறுபடி நடந்தார். நான் ஏழு மணி பஸ்ஸில் ஏறித் திருச்சிக்குக் கிளம்பினேன்.

முதல் அழைப்பு நாகப்பட்டினம் வருவதற்குள் வந்தது. அடித்து ஓய்ந்தது. இரண்டாவது பத்து நிமிடத்தில். மூன்றாவது வந்தபோது பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா கேட்டார்.

“யாரும்மா, விடாம அடிக்கிறாங்க. எடுத்துப் பேசேன்.”

“எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா.”

“யாரு?”

“அவங்கதான்.”

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்காவது வரைக்கும் எடுத்துவிடலாமா என்று விரல் போனது உண்மை. ஐந்தாவது அழைப்பில் ஏதோ மாறியது. மடியில் போன் அதிர்கிறது, திரையில் ‘பெரியக்கா’ என்று தெரிகிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உள்ளுக்குள் ஒரு சுகம். இத்தனை வருடமாக நான் சொன்ன ஆயிரக்கணக்கான ‘இருக்கேன்க்கா’க்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்வது போல. கொடைக்கானல் ஞாபகம் வந்தது. அந்தத் தொப்பிகளின் நிறம்கூட ஞாபகம் வந்தது. ஆறாவது, ஏழாவது அழைப்புகள் வருவதற்காக நான் காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். சத்தியம் செய்துகொடுத்திருந்தது வசதியாக இருந்தது.

பதினொன்றாவது அழைப்போடு நின்றுவிட்டது. பஸ் தஞ்சாவூரை நெருங்கிக்கொண்டிருந்தது. கால் மணி, அரை மணி, ஒன்றும் இல்லை. என் சுகம் எல்லாம் வடிந்துபோனது. நானே கூப்பிட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது சுவிட்ச் ஆஃப் என்றது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஓடிப்போய் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன்.

திருவாரூர் தாண்டும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

“யாருங்க நீங்க? இங்க எங்க ஊர் கரையில ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. வாயே தொறக்க மாட்டேங்கிறாங்க. அவங்க போன்ல சார்ஜ் இல்ல. நான்தான் வீட்ல சார்ஜ் போட்டுப் பாத்தேன். ஒரே நம்பருக்குப் பதினோரு தடவை போட்டிருக்காங்க. நீங்க எடுக்கவே இல்லியா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லல்ல?”

“உடம்புக்கு ஒண்ணும் தெரியல. வந்து கூட்டிட்டுப் போங்க.”

நாகப்பட்டினத்தில் பஸ் மாறி, வேளாங்கண்ணியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அந்த மீனவக் கிராமத்துக்குப் போய்ச் சேர மூன்றரை மணி ஆகிவிட்டது. வலை பின்னும் கொட்டகையில் நாலைந்து பெண்கள் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா அவர்களைவிட்டுத் தள்ளி, வெயிலும் நிழலும் சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். புடவை முழங்கால்வரை மணல். முகம் ஒரே நாளில் கறுத்துப்போயிருந்தது. ஒன்பது கிலோமீட்டர் நடந்திருக்கிறார் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏன் வந்த?” என்றார்.

“நீங்க கூப்பிட்டீங்க.”

“எடுக்காதன்னு சொன்னேன்ல?”

“எடுக்கலக்கா.”

“எடுத்திருக்கணும்” என்றார்.

பிறகு அவரே நடந்ததைச் சொன்னார். கடலைப் பார்த்துத்தான் பேசினார்.

“செருதூர் வரைக்கும் ஒண்ணும் தெரியல. ஆளுங்க இருந்தாங்க, படகு வந்துகிட்டிருந்துச்சு. அப்புறம் யாருமே இல்ல பாப்பா. முன்னால மணலு, பின்னால மணலு. எல்லாம் தூரமாப் போயிடுச்சு. போன் போட்டேன், நீ எடுக்கல. போட்டேன், எடுக்கல. கடைசில நின்னு உன்னத் திட்டினேன். சத்தமா. எனக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியும்னே எனக்குத் தெரியாது.” நிறுத்தினார். “திட்டி முடிச்சதும் தோணுச்சு, அவளும் உள்ள படுத்துகிட்டு என்னை இப்படித்தான் திட்டியிருப்பான்னு.”

அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அன்னிக்கு அவ தூங்கல, இல்ல? நெஜத்தச் சொல்லு. திட்டினாளா?”

“திட்டலக்கா.”

“பின்ன என்ன சொன்னா?”

மாஸ்க்கை ஒரு கையால் விலக்கிக்கொண்டு சின்னக்கா பேசியது எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. அதை அப்படியே சொன்னேன்.

“‘அக்கா எங்க’ன்னு கேட்டாங்க. வெளிய இருக்காங்கன்னேன். ‘துணைக்கு யாரு இருக்கா’ன்னாங்க. நான்தான் வந்தேன், இப்ப யாரும் இல்லக்கான்னு சொன்னேன். ‘அப்ப நீ ஏன் இங்க நிக்கிற? போ, அவ பயந்துக்குவா’ன்னு சொல்லிட்டாங்க. நான் இருக்கேன்க்கான்னு சொல்லிப் பாத்தேன். கையால தள்ளிவிட்டாங்க. அதான் அஞ்சு நிமிஷத்துல வந்துட்டேன்.”

பெரியக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கருவாட்டுக் கூடையை இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

“நீ வெளிய வந்தப்ப” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “நீ வெளிய வந்தப்ப நான் பயந்துகிட்டா இருந்தேன்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

“இல்லக்கா” என்றேன். “பக்கத்து பெஞ்சுல ஒரு அம்மாகூடப் பேசிட்டிருந்தீங்க. மணப்பாறைக்காரங்க. அவங்க பையனுக்கு ஆப்பரேஷன்னு வந்திருந்தாங்க.”

“சிரிச்சுகிட்டு இருந்தேனா?”

“ஆமாக்கா.”

பெரியக்கா தலையை மெதுவாக ஆட்டினார். ஏதோ ஒன்று தானாக ஞாபகத்துக்கு வருவதைத் தடுக்க முடியாதவர் போல இருந்தார்.

“முறுக்கு குடுத்தாங்க” என்றார். “ரெண்டு தின்னேன். நல்லா இருந்துச்சு.”

அவர் அழுவார் என்று நினைத்து அவர் தோளைத் தொட்டேன். என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டார்.

எனக்குப் போன் செய்த பெண் டீ கொண்டுவந்தார். பெரியக்கா வாங்கிக் குடித்தார். அன்று இரவு அங்கே தங்கிக்கொள்ளலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவர் தாராளமாகத் தங்கலாம் என்றார். நானும் தங்குகிறேன் என்றேன்.

“வேணாம். நீ ஆட்டோவ அனுப்பாத. அதுலயே போயிடு, பஸ் கெடைக்கும்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு நான் நடப்பேன்.”

“அக்கா, நான் கூட வரலை. பின்னால தூரத்துல வரேன். உங்க கண்ணுக்கே பட மாட்டேன்.”

“போ பாப்பா” என்றார். கோபமில்லை, தயவு செய்து என்பது போல இருந்தது. நான் ஆட்டோவில் ஏறியபோது அவர் அந்தப் பெண்களின் பக்கம் போகாமல், அதே இடத்தில் தனியாகவே உட்கார்ந்திருந்தார்.

பெரியக்கா பத்தொன்பது நாள் நடந்தார். முத்துப்பேட்டைப் பக்கம் கரையெல்லாம் சேறும் காடும் என்பதால் ரோட்டு வழியாகப் போனாராம். தொண்டியில் முழங்கால் வீங்கி, ஒரு அடி வைக்க முடியாமல் பஸ் ஏறித் திரும்பினார். முதல் நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. சாயங்காலங்களில் நான்தான் கூப்பிடுவேன். எடுத்து, ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். தொண்டிக்கு மேல் மறுபடி போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்து, பொன்மலை வீட்டில் காய்ச்சலில் இறந்தார். அந்த இரண்டு வருடத்தில் எங்கேயும் யாரையும் துணைக்குக் கூப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அவர் தொண்டியிலிருந்து திரும்பி ஒரு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி, தனியாக. நான் அவர் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தேன். யாரும் ஏறி வரவில்லை. மெலிந்திருந்தார். பேச்சு குறைந்திருந்தது. வழியில் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டவர்களைப் பற்றியும், நாய் துரத்தியதைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். சின்னக்காவைப் பற்றி நானும் பேச்செடுக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு எடுத்திருக்கணும்னு உன்னைச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத. நீ எடுத்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும், நான் திரும்பியிருப்பேன். என்மேல இவ்ளோ பாசம் வச்சிருக்கிற புள்ள, பதினோரு தடவையும் எடுக்காம இருந்தியே. உனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. கை இன்னும் என் கையில்தான் இருந்தது.

“ஆமாக்கா” என்றேன். “ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.”